முழங்காலுக்குப் பொருந்துகிறதா எந்திரம்?

அதிர்வில்லாத உடற்பயிற்சி என்ற வாக்குறுதியோடு வீட்டுக்குள் நுழைகிறது எலிப்டிகல் டிரெயினர். அதன் டிஸ்பிளேயைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். காலை அளந்து வாங்குபவர்கள் தப்பிக்கிறார்கள்.

நாற்பதைத் தாண்டியவர் முழங்கால் வலியோடு டாக்டரிடம் போனால் ஒரே மூச்சில் இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். எடையைக் குறையுங்கள் என்பது ஒன்று. முழங்காலை வருத்தாதீர்கள் என்பது மற்றொன்று. ஓடாமல், குதிக்காமல், படியேறாமல் எடையைக் குறைப்பது எப்படி என்று யோசித்தபடி வெளியே வருபவரின் கண்ணில் படுகிறது, விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்த எந்திரம். முன்னும் பின்னும் ஆடும் இரண்டு நீண்ட கைப்பிடிகள், பாதம் முழுவதையும் தாங்கும் இரண்டு அகலமான பெடல்கள். ஏறி நின்று மிதித்தால் காற்றில் நடப்பது போல இருக்கிறது. கடைக்காரர் அதை கிராஸ் டிரெயினர் என்பார். அட்டைப்பெட்டியில் எலிப்டிகல் டிரெயினர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். "முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது சார்" என்பது விற்பனையாளரின் முதல் வாக்கியம்.

அந்த வாக்கியம் பாதி உண்மை. மீதிப் பாதி வாங்குபவரின் கால் நீளத்தையும், அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் ஓர் அளவையும் பொறுத்தது. அந்த அளவு சரியாக இல்லையென்றால், முழங்காலைக் காப்பாற்ற வாங்கிய எந்திரமே முழங்காலை மேலும் கெடுக்கலாம்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல. ஆக்ரா, பெங்களூர், கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்து இடங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு, அவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். நீரிழிவுக்காரர் நடக்க வேண்டும், மூட்டு வலிக்காரர் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் உள்ளவர் என்ன செய்வார்?

பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான மதிப்பீடு கூறியது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்குப் பூங்காவில் நடக்கும் கூட்டத்தில் ஆண்களே அதிகம். அந்த நேரத்தில் பெண்கள் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே போக நினைப்பவர்களுக்கும் ஊர் ஒத்துழைப்பதில்லை. தில்லியில் நவம்பர் பிறந்தால் காற்றின் தரக் குறியீடு பல நாள்கள் 400-ஐத் தாண்டுகிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பெங்களூரில் நடைபாதை என்பது மோட்டார் சைக்கிள்களுக்கான குறுக்கு வழி. சென்னையில் மே மாதத்துக் காலை ஏழு மணி வெயிலே ஆளைச் சுருட்டிவிடும். ஆகவே வீட்டுக்குள் ஓர் எந்திரம் என்ற எண்ணம் ஆடம்பரம் அல்ல. அந்த எண்ணத்தைக் கெடுப்பது தவறான தேர்வுதான்.

நீள்வட்டத்தின் கதை

இந்த எந்திரத்துக்கு அதிக வயதாகவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லாரி மில்லர், காரின் பக்கத்தில் தன் மகள் ஓடுவதைப் படம்பிடித்து, அவளுடைய பாதம் காற்றில் வரையும் பாதையைக் கவனித்தார். அது வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருந்தது. அந்தப் பாதையிலேயே பெடல் நகர்ந்தால், தரையில் மோதாமல் ஓட்டத்தின் அசைவு மட்டும் கிடைக்கும் என்பது அவருடைய யோசனை. பிரிகார் நிறுவனம் 1995-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் ஒரு கணம் அந்தரத்தில் இருந்து பிறகு தரையில் விழுகிறது. உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தைத் தாக்குகிறது. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. விழுவது இல்லாததால் மோதலும் இல்லை. அதிர்வு குறைவு என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

ஆனால் அதிர்வு குறைவதும் சுமை குறைவதும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் மருத்துவ மையத்தின் ஆய்வாளர்கள், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு சிலரின் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து விசையை நேரடியாக அளந்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வின்படி, டிரெட்மில்லில் நடக்கும்போது மூட்டின் மீது விழும் சுமை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெதுவாக ஓடும்போது மூன்று மடங்குக்கு மேல். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் ஏறக்குறைய ஒரு மடங்கு. எலிப்டிகலில்? இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

அதாவது எலிப்டிகல் முழங்காலுக்கு ஓட்டத்தைவிட இதமானது. நடையைவிட இதமானது என்று சொல்ல முடியாது. நடந்தாலே வலிக்கும் காலுக்கு இது மருந்தல்ல. நடக்க முடிகிறது, ஓடினால்தான் வலிக்கிறது என்பவருக்கு இது பொருத்தமானது. கடையில் யாரும் சொல்லாத இந்த வேறுபாட்டை வீட்டிலேயே தெரிந்துகொண்டு கிளம்பினால் பணமும் காலும் மிச்சம்.

எடை குறைந்தால் மூட்டுக்குக் கிடைக்கும் ஆறுதலும் சாதாரணமானதல்ல. எடை அதிகமுள்ள மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டது. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால் ஒவ்வோர் எட்டிலும் இருபது கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைக்கிறது.

பொடி எழுத்தில் உள்ள அளவு

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது 'ஸ்டிரைடு' நீளம். ஒரு பெடல் முன்கோடியிலிருந்து பின்கோடி வரை போகும் தூரம் அது. பயிற்சிக் கூடங்களில் உள்ள பெரிய எந்திரங்களில் இது 20 அங்குலம் அளவில் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கென்று மலிவாக விற்கப்படுபவற்றில் 12 முதல் 14 அங்குலமே இருக்கும். நீளத்தைக் குறைத்தால் எந்திரம் சிறிதாகும், அட்டைப்பெட்டி சிறிதாகும், விலையும் குறையும். கூடவே இன்னொன்றும் குறைகிறது. நீள்வட்டத்தின் நீளம் குறையக் குறைய அது வட்டமாகிறது. கால் முன்னும் பின்னும் வீசுவதற்குப் பதில் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. நடக்கும் எந்திரம் என்று வாங்கி வந்தது படியேறும் எந்திரமாகிவிடுகிறது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதும் படியேறுவதைத்தான்.

உயரத்துக்கு ஏற்ற அளவு உண்டு. ஐந்தே கால் அடிக்குக் குறைவானவர்களுக்கு 16 அங்குலம் வரை போதும். ஐந்தே கால் முதல் ஐந்தே முக்கால் அடி வரை 16 முதல் 18 அங்குலம். அதற்கு மேல் 18 முதல் 20 அங்குலம். இவை கல்லில் செதுக்கிய எல்லைகள் அல்ல. ஒரே உயரமுள்ள இருவரின் கால்கள் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஐந்தடி ஓர் அங்குல மனைவியும் ஐந்தடி பதினோரு அங்குலக் கணவரும் ஒரே எந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள் என்றால், அதிகம் பயன்படுத்தப் போவது யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் நீளமான எட்டைக் குள்ளமானவர் சமாளித்துவிடலாம். குட்டையான எட்டில் உயரமானவர் சமாளிக்க முடியாது. நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள எந்திரங்களும் வருகின்றன, விலைதான் ஏறும்.

இரண்டாவது, பெடல்களுக்கு இடையே உள்ள அகலம். நடக்கும்போது மனிதனின் இரு பாதங்களும் நெருக்கமாகவே விழுகின்றன. பெடல்கள் மிகவும் விலகியிருந்தால் கால்களை அகட்டி வைத்து மிதிக்க வேண்டிவரும். இடுப்பும் முழங்காலின் உட்புறமும் அதைத் தாங்கிக்கொள்ளும், ஒரு மாதத்துக்கு. ஏறி நின்று கீழே பார்த்தால் முழங்கால் நேராகப் பாதத்தின் மேல் இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்த எந்திரம் வேண்டாம்.

மூன்றாவது, உள்ளே சுழலும் கனமான சக்கரம், கடைக்காரர் மொழியில் ஃபிளைவீல். பெடல் உச்சிக்கும் அடிக்கும் வரும் இடங்களில் காலின் உந்துதல் குறையும். அந்த இடைவெளியைத் தன் வேகத்தால் நிரப்புவது இந்தச் சக்கரம்தான். நான்கு கிலோ சக்கரத்தில் பெடல் தடுக்கித் தடுக்கிச் சுற்றும். அந்தத் தடுக்கல் ஒவ்வொன்றும் முழங்காலில்தான் இறங்கும். ஆனால் கிலோவை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நல்ல கியர் அமைப்புள்ள ஏழு கிலோ சக்கரம், மோசமான அமைப்புள்ள பத்து கிலோ சக்கரத்தைவிட வழுவழுப்பாக ஓடலாம். இதற்குக் காலைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

நான்காவது, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை. காந்தத்தால் இறுக்கும் எந்திரங்களில் உரசல் இல்லை, சத்தம் குறைவு, தேய்மானம் இல்லை. சக்கரத்தின் மீது பட்டையோ கம்பளித் துண்டோ உரசி இறுக்கும் பழைய முறை எந்திரங்கள் சில மாதங்களில் கிறீச்சிடத் தொடங்கும். அதிகாலையில் பயிற்சி செய்பவரின் வீட்டில் இது குடும்பப் பிரச்சினையாகும்.

கடைசியாக, எந்திரம் தாங்கும் எடை. 90 கிலோ உள்ளவர் 100 கிலோ தாங்கும் எந்திரத்தை வாங்குவது சட்டப்படி சரி. ஆனால் மிதிக்கும்போது எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகிறது. சொந்த எடையைவிட 20, 30 கிலோ அதிகம் தாங்குவதாக இருந்தால்தான் ஆட்டம் காணாது. உண்மையில் எடை குறைக்க வேண்டியவர்களே எடை தாங்காத மலிவு எந்திரத்தை வாங்கி, அது ஆடுவதைக் கண்டு பயந்து இறங்கிவிடுகிறார்கள்.

வீட்டையும் அளக்க வேண்டும்

காலுக்குப் பொருந்திய எந்திரம் வீட்டுக்குப் பொருந்த வேண்டும். தரையில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஏறி இறங்கப் பின்னால் இன்னும் இரண்டடி. இதை எல்லோரும் அளக்கிறார்கள். அளக்காமல் விடுவது தலைக்கு மேலே. பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து ஓர் அடிக்கும் மேல் உயர்கிறது. ஐந்தடி பத்து அங்குல மனிதரின் தலை அப்போது ஏழடியைத் தாண்டும். அடுக்குமாடி வீடுகளில் பரணின் அடிப்பாகம் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒன்பது அடிக் கூரையில் தொங்கும் மின்விசிறியின் இறக்கையும் வெகு தூரத்தில் இல்லை. வியர்வையைத் துடைக்கத் துண்டோடு கையைத் தூக்கினால் போதும். காற்று வர வேண்டும் என்பதற்காக மின்விசிறிக்கு நேர் கீழே எந்திரத்தை வைப்பது ஆபத்து. சற்றுத் தள்ளி வைக்கலாம், அல்லது மேசை விசிறி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எடை. வீட்டு எந்திரங்கள் 35 முதல் 60 கிலோ வரை இருக்கும். 'வாசல் வரை டெலிவரி' என்று விளம்பரத்தில் வரும் வாசல், பல சமயம் குடியிருப்பின் கேட். லிப்டுக்குள் நுழையாத பெட்டியை நாலாவது மாடிக்குத் தூக்குவது யார், பூட்டித் தருவது யார், அதற்குத் தனிக் கட்டணமா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் டைல்ஸும் தப்பிக்கும், கீழ்வீட்டுக்காரரோடு உள்ள உறவும் தப்பிக்கும்.

மின்சாரத்தில் எலிப்டிகல் சிக்கனம். டிரெட்மில்லின் மோட்டார் ஆளையே தூக்கி ஓட்டுகிறது. இங்கே ஓட்டுவது ஆள். மின்சாரம் டிஸ்பிளேக்கும் இறுக்கத்தை மாற்றும் சிறு மோட்டாருக்கும் மட்டும்தான். கையால் திருகி இறுக்கும் ரகத்துக்கு இரண்டு பேட்டரி போதும். மின்வெட்டு உள்ள ஊரில் பயிற்சி பாதியில் நிற்காது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. டிரெட்மில்லின் சாவியை எடுத்து வைத்துவிடலாம். பெரும்பாலான எலிப்டிகல்களில் பூட்டு கிடையாது. ஒரு குழந்தை பெடலை மிதித்தால் மறுபக்கத்துப் பெடல் நகரும், அங்கே இன்னொரு குழந்தையின் விரல் இருக்கலாம். கதவைச் சாத்தக்கூடிய அறையில் வைப்பதே நல்லது. மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் பால்கனியில் வைத்தால் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் திருகாணிகளைத் துருவாக்கிவிடும்.

டிஸ்பிளே சொல்லும் கதை

விற்பனையாளர் அதிக நேரம் பேசுவது டிஸ்பிளேயைப் பற்றித்தான். 24 வகைப் பயிற்சித் திட்டங்கள், புளூடூத், செயலி. இவற்றில் காலுக்குச் சம்பந்தமுள்ளது எதுவுமில்லை. எரித்த கலோரி என்று அது காட்டும் எண்ணை, முகஸ்துதியாக எடுத்துக்கொள்வதே நல்லது. மிதிப்பவரின் எடையைக்கூடக் கேட்காத எந்திரம் அவர் எரித்த கலோரியை எப்படி அறியும்? உடலியக்க அட்டவணைகளின்படி, 70 கிலோ உள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் செலவாவது ஏறக்குறைய 175 கலோரி. டிஸ்பிளே 300 என்று காட்டியதை நம்பி ஒரு சமோசாவும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேரெதிராகிவிடும்.

வேகத்தைக் கணிக்க எளிய வழி உண்டு. மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித் துடிப்பைப் பார்ப்பவர்கள் 220-லிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 64 முதல் 76 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். 45 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 112 முதல் 133 வரை. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம் தெரிந்தால் உடனே இறங்கிவிட வேண்டும், மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. முதல் பாதியை எலிப்டிகல் தரும், ஐந்து நாள் அரை மணி நேரம். ஆனால் முதல் வாரமே அரை மணி மிதிப்பவர் இரண்டாம் வாரம் மிதிப்பதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் முழங்காலும் மனசும் பழகும். பாதம் பெடலிலேயே ஒட்டியிருப்பதால் சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும். ஷூவின் நாடாவைத் தளர்த்துவதும், குதிகாலில் எடையை மாற்றுவதும் உதவும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் ஏறக் கூடாது, இறங்கியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாதியை எந்திரம் தராது. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதற்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற எளிய பயிற்சிகள் தனியாகத் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. எலும்பு வலுப்பெற ஓரளவு அதிர்வு வேண்டும். அதிர்வே இல்லாத பயிற்சியை மட்டும் நம்பியிருந்தால் எலும்புக்கு வேலையில்லாமல் போகும். முடிந்த நாள்களில் தரையில் நடக்கவும் வேண்டும்.

விலையும் சட்டமும்

20,000 ரூபாய்க்குக் கீழே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை குட்டையான எட்டும் இலேசான சக்கரமும் கொண்டவை. முழங்கால் பிரச்சினை உள்ளவருக்கு இந்த ரகம் சிக்கனம் அல்ல. ஓரளவு நல்ல வீட்டு எந்திரத்துக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். 45,000 ரூபாய் கொடுத்து வாங்கி, வாரத்துக்கு நான்கு நாள் என்று மூன்றாண்டு பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 72 ரூபாய். முப்பது தடவை மிதித்துவிட்டுத் துணி காயப்போட்டால் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். தவணைத் திட்டத்தில் வாங்கியவர்களுக்கு, எந்திரத்தை மறந்த பிறகும் மாதாமாதம் வங்கி அதை நினைவூட்டும்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உள்ளன. பெருநகரங்களில் மாத வாடகைக்கு எந்திரம் கிடைக்கிறது. மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். இரண்டாவது, பழைய எந்திரம். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து, ஆகஸ்ட் 5 வரை பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தபோது வீடுகளுக்குள் புகுந்த எந்திரங்களில் பல, அதிகம் ஓடாமலே விற்பனைக்கு வந்தன. நல்ல உற்பத்தியாளரின் பழைய எந்திரம், பெயர் தெரியாத புதியதைவிட மேல். ஆனால் பெடலின் இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா, உருளைகள் ஓடும் தண்டவாளத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிரிபாகம் கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்.

உத்தரவாத அட்டையை வாங்கும்போதே படிப்பவர்கள் குறைவு. சட்டத்துக்கு ஐந்தாண்டு, பாகங்களுக்கு ஓராண்டு, வேலைக் கூலிக்கு மூன்று மாதம் என்ற மாதிரிப் பிரித்திருப்பார்கள். ஒடிவது அபூர்வமாகத்தான் இரும்புச் சட்டம். அடிக்கடி போவது பேரிங், பெல்ட், டிஸ்பிளே. வீட்டு உபயோகத்துக்கான எந்திரத்தைக் குடியிருப்பின் பொது அறையில் வைத்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். ஊரில் மெக்கானிக் இருக்கிறாரா என்ற கேள்வி சிறு நகரங்களில் மிக முக்கியம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆலன் கீயால் திருகாணிகளை இறுக்குவது வீட்டுக்காரர் வேலை. பாதிக் கிறீச்சொலி அதிலேயே போய்விடும்.

சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் சட்டம் துணை நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 18 அங்குல எட்டு என்று விளம்பரம் சொல்லி 14 அங்குலம் வந்தால், விளம்பரத்தின் நகலும் டேப் வைத்து அளந்த படமும் நல்ல சாட்சிகள்.

யாருக்கு வேண்டாம்?

சமதரையில் பத்து நிமிடம் நடந்தாலே மூட்டு வீங்குபவர் எலிப்டிகலைத் தேட வேண்டாம். மூட்டின் மீது பாதிச் சுமையே ஏற்றும் சைக்கிள் அவருக்குப் பொருத்தம். விலையும் குறைவு, இடமும் குறைவு. தள்ளாட்டம் உள்ள முதியவர்களுக்கும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளே பாதுகாப்பு. நகரும் பெடலில் ஏறுவதும் இறங்குவதும்தான் எலிப்டிகலில் விழக்கூடிய தருணங்கள். ஏறுபவர்கள் அசையாத நடுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் பெடலில் முதலில் கால் வைக்க வேண்டும். வலியில்லாமல் நடக்க முடிகிற, பக்கத்தில் பூங்காவும் உள்ள பாக்கியசாலிகளுக்கு எந்த எந்திரமும் வேண்டாம்.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது பணத்தோடு சொந்த ஷூவையும் அங்குல டேப்பையும் எடுத்துப் போக வேண்டும். ஏறி ஒரு நிமிடம் மிதித்தால் எல்லா எந்திரமும் நன்றாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாத குட்டையான எட்டும், விலகிய பெடலும், தடுக்கும் சக்கரமும் பதினைந்தாவது நிமிடத்தில் முழங்காலில் தெரியும். மறுநாள் காலை படியிறங்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. அரை லட்சம் ரூபாய் கேட்பவர் இருபது நிமிடம் தரலாம். தர மறுக்கிற கடையிலிருந்து வெளியேறி வீடு வரை நடந்தால், அன்றைய பயிற்சி இலவசம்.